பொறுப்பு என்று போட்ட கையெழுத்து

யுத்தம் ஆரம்பிப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், திருச்சியில் பெண்களுக்கென்று நடந்த ஒரு சின்னக் கல்லூரியில் எனக்குப் பொருளாதாரம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அந்தக் கல்லூரி இப்போது இல்லை. சென்னையில் ஆனர்ஸ் முடித்துவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதி வீட்டில் ஒரு வருஷம் வெறுமனே உட்கார்ந்திருந்தவள் நான். ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, உத்தரவுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஏம்மா, இந்தப் பாடத்துக்குப் பொம்மனாட்டிய எடுத்துக்கறாளா என்ன?"

"எடுத்துண்டிருக்காளே அப்பா."

"உனக்கு முன்னாடி யாராவது இருந்தாளா, இல்ல நீதான் முதலா?"

"தெரியல. இதுல ஒண்ணும் போடல."

அப்பா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

முதல் நாள் காலை ரயிலில் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போனேன். பொருளாதாரத் துறை என்பது மாடியில் வடகோடியில் இருந்த ஒற்றை அறை. கதவுக்கு மேல் ஒரு மரப்பலகை. அதில் துறைத் தலைவரின் பெயர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. அதற்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் பலகையை இழைத்துவிட்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, அந்த இடம் மட்டும் புண் ஆறின தோல் மாதிரி வெளுத்திருந்தது.

அறையைத் திறந்துவிட்ட ஆயாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஜன்னலோரம் பெரிய மேஜை, தலைவருக்கு. சுவரோரம் சின்ன மேஜை, எனக்கு. நான் போய் உட்கார்ந்ததும், நாற்காலியை இடது பக்கம் அரை அடி தள்ளிப் போட்டாள்.

"இப்படி உட்காந்தாத்தான் வெளிச்சம் விழுங்க."

"எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்க இப்படித்தான் உட்காருவாங்களா?"

"ஆமாங்கம்மா."

"அவங்க இப்ப எங்க?"

"அவங்க இல்லீங்கம்மா."

"இல்லைன்னா?"

ஆயா மேஜையைத் துடைத்தாள். தூசியே இல்லாத மேஜை அது. கோடை லீவில் இரண்டு மாசமாகப் பூட்டியிருந்த அறையில் தினமும் யாரோ துடைத்திருக்கிறார்கள். செத்துப்போய்விட்டாள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மேஜை இழுப்பறையில் பழைய ரிஜிஸ்டர்கள் இருந்தன. வருகைப் பதிவு, பரீட்சைப் பட்டியல், நூலகத்துக்கு எழுதிய கடிதங்களின் நகல். எல்லாவற்றிலும் 'துறைத் தலைவர்' என்று அச்சடித்த இடத்துக்கு மேல் ஒரே கையெழுத்து, பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு சொல். தமிழில் சொன்னால் 'பொறுப்பு' என்று ஆகும். ஒன்பது வருஷத்து ரிஜிஸ்டர்களைப் புரட்டினேன். ஒன்பது வருஷமும் பொறுப்பு. அப்புறம் ஒரு நாள், மாசத்தின் நடுவில், அந்தக் கையெழுத்து நின்று இப்போதைய தலைவரின் கையெழுத்து ஆரம்பித்திருந்தது.

என்னைத் தொந்தரவு செய்தது அது இல்லை. அந்த எழுத்து என் எழுத்தைப் போலவே இருந்தது. ஒரே மாதிரி பள்ளிக்கூடங்களில் ஒரே மாதிரி காப்பி நோட்டில் எழுதிப் பழகினவர்களுக்கு எழுத்து ஒன்றுபோல வருவது அதிசயமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு இழுப்பறையை மூடினேன்.

இரண்டாவது வாரம், சீனியர் வகுப்பில் தேவையும் விலையும் பற்றிய பாடம். புத்தகத்தில் இருந்த லண்டன் உதாரணங்கள் எங்கள் பெண்களுக்கு எட்டாது என்று, இரவெல்லாம் யோசித்து நானே ஒன்று தயாரித்திருந்தேன். வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் ஸ்ரீரங்கத்தில் பூ விலை ஏறுகிறது. எவ்வளவு ஏறினாலும் வாங்குகிறவர்கள் குறையவில்லை. ஏகாதசி முடிந்த மறுநாள் அதே பூவைக் கேட்பாரில்லை. நான் "ஏகாதசிக்கு முதல் நாள்" என்று ஆரம்பித்ததும் முன் பெஞ்சுப் பெண்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"ஏன் எழுதல?"

"போன வருஷமே எழுதிட்டோம் மிஸ்," என்றாள் ஒருத்தி. நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பூ இருந்தது. ஏகாதசி இருந்தது. மறுநாள் வாடிக்கிடக்கிற பூவும் இருந்தது. நான் இன்னும் சொல்லாத கடைசி வாக்கியம்கூட அதில் இருந்தது.

அன்றைக்கு வகுப்பை எப்படி முடித்தேன் என்று ஞாபகம் இல்லை.

துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. ஆண்கள் கல்லூரி ஒன்றில் காலை வகுப்பை முடித்துவிட்டு வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் எங்களிடம் வருவார். மெதுவாகப் பேசுவார். எனக்கு முன்னால் இருந்தவரைப் பற்றி ஒரே ஒரு தடவை அவரிடம் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் முடிஞ்சுபோன விஷயம்மா," என்றார். பிறகு வேறொரு வேலையைப் பற்றிப் பேச்செடுத்தார்.

அந்த வேலைதான் கிராம விசாரணை. அரியமங்கலத்தைத் தாண்டி, உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரமாக ஒரு சிற்றூர். அங்கே வீடு வீடாகப் போய்க் குடும்பங்களின் நிலைமையை எழுதிவர வேண்டும். அச்சடித்த படிவம் கொடுத்தார். முதல் கேள்வி, குடும்பத் தலைவர் பெயர். இரண்டாவது, அவர் செய்யும் தொழில். "பொம்பளைங்க கிட்ட ஆம்பளைங்க போய்க் கேட்டா சொல்ல மாட்டாங்க. நீங்க போனா சரியா இருக்கும்," என்றார்.

சனிக்கிழமை காலை புறப்பட்டபோது, வெயிலாக இருக்கிறது என்று ஆயா ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து தந்தாள். பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி, வாய்க்கால் கரையோடு முக்கால் மைல் நடந்தேன். ஆடிக் காற்று புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை. முதல் வீட்டில் ஒரு பெண் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், குடையைப் பார்த்தாள்.

"குடை கிடைச்சிருச்சா? தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க," என்றாள்.

"நான் இப்பத்தான் முதல் தடவையா வரேம்மா."

அவள் சிரித்தாள். "சரி, கேளுங்க. நேத்துதான் எல்லாம் சொன்னேன். நட்ட நாள் பதினொண்ணு, களை எடுத்தது ஆறு. இன்னிக்கு ஒரு நாள்ல என்ன மாறிடப் போவுது?"

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, போன மாசம் எத்தனை நாள் வேலைக்குப் போனாள், எத்தனை நாள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "கிழமை மாறி வந்திருக்கீங்க. வெள்ளிக்கிழமைதானே வருவீங்க," என்றாள் அந்த வீட்டுக்காரி. கதர்ப் புடவை, கொண்டை, கையில் காகிதக் கட்டு. அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்தது போலிருக்கிறது.

படிவத்தின் முதல் கேள்விக்கு வந்த பதில்கள் அதைவிட மோசமாக இருந்தன. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டேன்.

"அவருதான்."

"எங்க இருக்கார்?"

"பினாங்குல. போயி ஆறு வருஷம் ஆச்சு. காயிதம் இல்லை."

அடுத்த வீட்டுத் தலைவர் கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். இருக்கிறாரா என்று தெரியாது. அதற்கடுத்த வீட்டில், தலைவர் என்று சொன்னவர் போன வருஷமே காலராவில் போய்விட்டார். மகனுக்கு நாலு வயசு, அவன் பெரியவனாகிற வரைக்கும் அவர் பெயரையே போடுங்கள் என்றாள். தெருவில் பாதி வீடுகளில் தலைவர்கள் இல்லை. இல்லாதவர்களின் பெயர்களை நான் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போனேன். உழுதது, நட்டது, கடன்காரனுக்குப் பதில் சொன்னது எல்லாம் என் எதிரே நின்ற பெண்கள். அவர்களுக்குப் படிவத்தில் இடம் இல்லை.

கடைசி வீட்டில் ஒரு சின்னப்பெண் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்திருந்தவள், "நீங்க அந்த அம்மா இல்லை," என்றாள்.

"எந்த அம்மா?"

"வெள்ளிக்கிழமை வர்றவங்க. இன்னொருத்தி வருவா, அவகிட்டயும் உள்ளதையே சொல்லுங்கன்னு சொல்லியிருக்காங்க."

வாய்க்கால் கரையில் திரும்பி நடந்தபோது இரண்டு தடவை பின்னால் பார்த்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க, தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொண்டேன். அம்மா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கரையில் எனக்கு வெகுதூரம் முன்னால் ஒரு பெண் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடக்கிற மாதிரி இருந்தது, நின்றால் நின்றாள். புளியமரங்கள் இருந்த வளைவில் அவளைக் காணோம். அங்கே போய்ப் பார்த்தேன். பாதை இரண்டு பக்கமும் வெறிச்சென்று கிடந்தது. காற்றுகூட நின்றுபோயிருந்தது.

"இந்தப் பக்கம் வாங்க. அங்க முள்ளு," என்று ஒரு குரல் கேட்டது.

கரைச் சரிவில், மரத்து வேரின் மேல் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து ஒரு அம்மாள் எழுதிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்தலையில் நரை. என் ஜாடையே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"நீங்க காலேஜ்ல..." என்று இழுத்தேன்.

"ஆமா. செத்துப்போயிட்டேன்னு சொன்னாங்களா?"

"இல்லைன்னு சொன்னாங்க."

"அது சரிதான்," என்றார். சிரிக்கவில்லை.

காட்டூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய தலைவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து ஒன்பது வருஷம் துறையை நடத்தியதே அவர்தான். பாடத்திட்டம், பரீட்சைத் தாள், புத்தகம் வாங்குவது எல்லாம். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பழைய தலைவர் காலமானதும் பதவிக்கு ஆள் தேடினார்கள். அவரைக் கூப்பிடவே இல்லை. புதிதாக வந்தவர், பெண்களுக்கு ஒரு நாளும் பாடம் எடுத்ததில்லை.

"அவர் வந்த அன்னிக்கு எனக்கு நல்ல மரியாதைதான் கொடுத்தார். எல்லாத்தையும் சொல்லிக் கொடுங்கம்மான்னார். சொல்லிக் கொடுத்தேன். அப்புறம் வந்துட்டேன்."

"பலகையில உங்க பேரைக்கூட இழைச்சுட்டாங்களே."

"அது நான் பண்ணினது," என்றார். "பேருக்குப் பக்கத்துல பொறுப்புன்னு போட்டிருந்துச்சு. பெஞ்சு சரி பண்ண வந்த ஆசாரிகிட்ட சொன்னேன், இதையும் இழைச்சுடுங்கன்னு. பேரை மட்டும் விட்டுடட்டுமான்னு ஆசாரி கேட்டார். வேணாம்னுட்டேன்."

"நான் வருவேன்னு எப்படித் தெரியும்?"

"பொம்பளைங்க காலேஜ். ஒரு பொம்பளைய எடுத்தாகணும். எடுத்தா இந்த ஊருக்குத்தான் அனுப்புவார். ஊரை அவருக்குக் காட்டினதே நான்தான்."

அவருடைய படிவத்தைக் காட்டினார். கையால் கோடு போட்ட காகிதம். குடும்பத் தலைவர் என்ற கேள்வியே அதில் இல்லை. 'இந்த வீட்டை நடத்துவது யார்' என்று இருந்தது. ஒரே வீட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து கேட்டால்தான் பெண்களின் வேலைநாள் எப்படிக் கூடுகிறது, குறைகிறது என்று தெரியும் என்றார். வேலையை விட்ட பிறகும் அவர் நிறுத்தவில்லை. அந்த ஊர்ப் பெண்களுக்கு அவர் வேலையை விட்டதே தெரியாது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை மத்தியான வகுப்பை மாற்றிக்கொண்டு நானும் அவரோடு போக ஆரம்பித்தேன். நடக்கும்போது அதிகம் பேச மாட்டார். சில சமயம், நான் கேட்க நினைத்ததை அவர் வீட்டுக்காரியிடம் கேட்டுவிடுவார். பழகிவிட்டது.

யுத்தம் வந்த மூன்றாவது வருஷம், துறைத் தலைவருக்கு விலைக் கட்டுப்பாட்டு ஆபீஸில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனார். திங்கட்கிழமை காலை, பிரின்சிபால் அம்மாள் ரிஜிஸ்டரோடு ஆயாவை அனுப்பினார். தலைவர் கையெழுத்திடும் இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சொல் எழுதியிருந்தது. நான் அதன்மேல் மையால் எழுத வேண்டியதுதான்.

பேனாவை எடுத்தேன். எதிரே ஆயா நின்றாள். நாற்காலி அரை அடி இடது பக்கம், வெளிச்சம் சரியாகக் காகிதத்தில் விழுந்தது. எழுதுகிற கை என்னுடையதில்லை என்று தோன்றியது. ஒன்பது வருஷம் அப்படியே என் முன்னால் வந்து உட்கார்ந்தது. பேனாவை மூடிவிட்டு, பிரின்சிபால் அறைக்குப் போனேன்.

"தலைவர்னு போட்டா கையெழுத்துப் போடறேன். பொறுப்புன்னா போட மாட்டேன்."

அந்த அம்மாள் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவர், ரொம்ப நல்லவர். "அவசரப்படாதம்மா," என்றார். "இலக்கியம்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பொருளாதாரத்துக்குப் பொம்பளையான்னு கேக்கறாங்க. நான் கமிட்டியில சொல்லிப் பார்க்கறேன்."

ஒரு மாசம் நான் கையெழுத்துப் போடவில்லை. வகுப்புகளை எடுத்தேன், காகிதங்கள் சேர்ந்தன. பரீட்சைக்குப் போகும் பெண்களின் பட்டியலைக் கையெழுத்தில்லை என்று யுனிவர்சிட்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் கமிட்டி என்னைக் கூப்பிட்டது.

நீள மேஜையைச் சுற்றி ஐந்து பெரியவர்கள். எனக்கு நாற்காலி போடவில்லை. நான் உள்ளே வந்ததை யாராவது பார்த்தார்களா என்றே தெரியவில்லை. ஒருவர் பிரின்சிபால் அம்மாளைப் பார்த்துக் கேட்டார்: "மெட்ராஸ்ல யுனிவர்சிட்டி போர்டு மீட்டிங் நடக்கும். எல்லாம் ஆம்பளைங்க. இவங்க எப்படிப் போவாங்க?"

"ரயில்ல போவேன்," என்றேன்.

யாரும் திரும்பவில்லை. "எப்படிப் போவாங்க?" என்று அவர் மறுபடியும் அந்த அம்மாளையே கேட்டார். நான் வாய்விட்டுச் சொன்னேனா, மனசுக்குள் சொல்லிக்கொண்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொருவர், என் அப்பா என்ன உத்தியோகம், எனக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று என் தலைக்கு மேலாக விசாரித்தார். மத்தியான வெயிலில் அறை பளீரென்று இருந்தது. என் நிழல் தரையில் விழுகிறதா என்று குனிந்து பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன்.

பிறகு மேஜையின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "ஒன்பது வருஷம் ஒருத்தர் இந்தத் துறையை நடத்தினார். அவர் காட்டூர்ல இருக்கார். எங்க ரெண்டு பேர்ல யாரை வேணும்னாலும் தலைவராப் போடுங்க. ரெண்டு பேரும் வேணாம்னா, பட்டியல்ல நீங்களே கையெழுத்துப் போட்டுக்கோங்க."

இந்தத் தடவை ஐந்து பேரும் திரும்பினார்கள். என் குரல் ரொம்ப நடுங்கியது. அதனால் திரும்பியிருப்பார்களோ என்னவோ.

எனக்குப் பதவி கொடுத்தார்கள். என் பேச்சு காரணம் என்று சொல்ல எனக்கு ஆசைதான். யுத்த ஆபீஸ்கள் பொருளாதாரம் படித்த ஆண்களையெல்லாம் இழுத்துக்கொண்டதால், அந்தச் சம்பளத்துக்கு வர ஒருவரும் கிடைக்கவில்லை. முதலில் தற்காலிகம் என்றார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தச் சொல்லையும் எடுத்தார்கள்.

காட்டூருக்குப் போய் அவரிடம் சொன்னேன். கமிட்டியில் அவர் பெயரையும் சொன்னதையும் தெரிவித்தேன். "என்னைக் கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்," என்றார். அவ்வளவுதான். ஒரு நாள் வந்து சீனியர் பெண்களுக்கு அந்தக் கிராமத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கெஞ்சினேன். நாலு மாசம் கழித்து, தாமே ஒரு நாள் காலையில் வந்து நின்றார்.

ஆயா அவரைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. "வாங்கம்மா. தண்ணி கொண்டாரேன்," என்று, அரை மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசினார். பினாங்கிலும் கண்டியிலும் இருக்கிற தலைவர்களைப் பற்றிச் சொன்னார். ஒரு பெண்ணும் அசையவில்லை. வகுப்பு முடிந்து நாங்கள் தாழ்வாரத்தில் நடந்தபோது, எதிரே வந்த இரண்டு ஆசிரியைகள் எனக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பார்த்தீங்களா?" என்றார் மெதுவாக.

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் டைபாய்டில் காலமானார். தம்பி எனக்குத் தந்தி கொடுத்திருந்தார், மறுநாள்தான் கிடைத்தது. அவர் வைத்திருந்த படிவங்களை மூன்று கட்டாகக் கட்டி, வண்டியில் வைத்துக் கல்லூரிக்குக் கொண்டுவந்தேன். இரண்டு பெயரையும் போட்டு, அவர் பெயரை முதலில் எழுதி, அறிக்கையாகத் தயாரித்துச் சென்னையில் யுனிவர்சிட்டிக்கு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. 'அன்புள்ள ஐயாமீர்' என்று ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அந்த வருஷம் பொருளாதாரம் எடுத்தவர்கள் பதினாலு பெண்கள்.